ஆங்கில அறிக்கையும் புதுக்கோட்டைத் தைலமரமும்

புதுக்கோட்டை மாவட்ட விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார் ஒன்று உண்டு. வனத் தோட்டக் கழகம் வளர்க்கும் தைலமரங்களால் நிலத்தடி நீர் வற்றுகிறது, கண்மாய்களுக்கு வரத்து நின்றுவிட்டது என்பதே அது. தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் 1974இல் தொடங்கப்பட்டது. அதன் தைலமரங்கள் காகித ஆலைகளுக்குக் கூழ்மரமாகப் போகின்றன. கந்தர்வக்கோட்டையிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவி இந்தப் புகாரைப் பற்றி ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவரை முதலில் பிடித்துக்கொள்ளும் அச்சம் இலக்கணப் பிழை பற்றியதாகத்தான் இருக்கும். ஆசிரியரும் அதையே திருத்துவார். ஆனால் அந்த அறிக்கை பெரும்பாலும் உலகச் சுற்றுச்சூழல் நெருக்கடியில் தொடங்கும்; தைலமரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா என்று சொல்லும்; இந்தியாவுக்கு வரும், தமிழ்நாட்டுக்கு வரும், நாலாவது பக்கத்தில் கந்தர்வக்கோட்டையை எட்டி, அங்கே இரண்டு பத்தி தங்கி, அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடியும். இதில் ஓர் ஆங்கிலப் பிழைகூட இல்லாமலிருக்கலாம். அப்படியிருந்தும் படித்தவருக்கு எதுவும் தெரியவராது. ஆங்கில அறிக்கையின் தெளிவு ஆங்கிலத்தில் உண்டாவதில்லை, அதற்கு முந்தைய வேலையில் உண்டாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். கேள்வியைப் பிளப்பது, கண்டதையும் கேட்டதையும் ஊகித்ததையும் தனித்தனியே வைப்பது, படிப்பவருக்கு வேண்டிய வரிசையில் அடுக்குவது ஆகிய மூன்றும்தான் அந்த வேலை. மூன்றையும் தாய்மொழியிலேயே செய்து முடிக்கலாம். செய்து முடித்தவருக்கு ஆங்கிலத்தில் மிஞ்சும் பாடு நாம் அஞ்சுவதைவிடச் சிறியது.

தைலமரப் புகாரையே எடுத்துப் பார்ப்போம். "தைலமரம் தண்ணியைக் குடிச்சிடுது" என்று ஊரில் சொல்லும்போது ஒரு வாக்கியமாகத்தான் காதில் விழுகிறது. பிரித்துப் பார்த்தால் அதற்குள் குறைந்தது இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. மரத்தின் வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி இலை வழியாக வெளியேற்றுவதால் கிணற்று நீர்மட்டம் இறங்குகிறது என்பது ஒன்று. தோட்டத்துக்குள் பள்ளம் வெட்டி வரப்பு போட்டு மழைநீரை அங்கேயே நிறுத்திவிடுவதால் வரத்துவாரிகளில் நீர் ஓடுவதில்லை, கண்மாய் நிறைவதில்லை என்பது இன்னொன்று. முதலாவது மரத்தைப் பற்றியது. இரண்டாவது மண்வேலையைப் பற்றியது. முதலாவது உண்மையானால் மரத்தை மாற்ற வேண்டும். இரண்டாவது மட்டும் உண்மையானால் மரத்தை வைத்துக்கொண்டே வரப்பை உடைத்தால் போதும். இரண்டுக்கும் வேறு வேறு சான்று தேவை. முதலாவதற்குத் தோட்டத்தை ஒட்டிய கிணறுகளின் நீர்மட்டத்தையும் தொலைவிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் ஒரே மாதத்தில் அளந்து ஒப்பிட வேண்டும். இடையில் எத்தனை ஆழ்குழாய்க் கிணறுகள் வந்திருக்கின்றன, அந்த ஆண்டு மழை எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கரும்பு, கடலை, முந்திரி என்று பயிர் மாறினால் இறைக்கும் நீரின் அளவும் மாறும் என்பதால் சுற்றியுள்ள சாகுபடியையும் குறிக்க வேண்டும். இரண்டாவதற்கு வரத்துவாரியோடு நடந்து, அது எங்கே தொடங்குகிறது, எங்கே மறிக்கப்பட்டிருக்கிறது, எந்தக் கண்மாயில் சேர்கிறது என்று ஒரு வரைபடம் போட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு மாணவி தனக்குக் கிடைக்கும் காலத்தில் இரண்டாவதை நிச்சயமாகச் செய்ய முடியும். முதலாவதை அரைகுறையாகத்தான் செய்ய முடியும். இதை எழுதத் தொடங்கும் முன் அவர் தெரிந்துகொண்டால் அறிக்கையின் தலைப்பு, அளவு, வரிசை எல்லாம் தாமாகவே அமைந்துவிடும். தெரிந்துகொள்ளாமல் எழுதினால் இரண்டு கூற்றுகளும் ஒன்றில் ஒன்று கலந்து, ஒன்றுக்கான சான்று மற்றதற்கு முட்டுக் கொடுக்கும். கழகத்தின் தரப்பில் பதில் எழுதுபவர் அந்தக் கலப்பைத்தான் முதலில் பிடிப்பார்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் எழுதிய கிராம அறிக்கைகள் நூறாண்டு நிலைத்திருக்கும் சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்துத் தம் மாணவர்களை அவரவர் ஊர்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம், என்ன வட்டி, என்ன பயிர், எந்தச் சாதியார் எத்தனை வீடு என்பது போன்ற கேள்விகள் அவை. மாணவர்கள் எழுதிக் கொண்டுவந்த அறிக்கைகளைத் தொகுத்து 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலாக ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழியாக வெளியிட்டார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டுத் தூசி, தஞ்சாவூர்ப் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகியவை அதிலுள்ள ஊர்களில் சில. இருபது ஆண்டு கழித்து, 1936-37இல், பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறு ஆய்வு நடத்தினார்கள். அது 1940இல் நூலாயிற்று. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகனும் மற்றவர்களும் திரும்பவும் போனார்கள். இருவேல்பட்டுக்கு ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2008இல் சென்று, 1916 முதல் அன்று வரையிலான நிலம், உழைப்பு, சாதி அரசியல் ஆகியவற்றின் மாற்றத்தை எழுதினார்கள். ஓர் ஊரின் தொண்ணூறாண்டு வரலாற்றை இப்படித் தொடர்ந்து பார்க்க முடிவது எங்குமே அரிது.

இந்தத் தொடர்ச்சிக்கு அந்த மாணவர்களின் ஆங்கில நடை காரணமில்லை. அவர்கள் எழுதியது எளிய ஆங்கிலம். சில இடங்களில் விடைத்தாள் போலவே இருக்கும். பின்னால் வந்தவர்களுக்கு உதவியது வேறு. எல்லோரும் ஒரே கேள்விகளுக்கு விடை எழுதியிருந்தார்கள். விடைகள் எண்ணாகவும் பெயராகவும் அளவாகவும் இருந்தன. எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதில் ஐயமில்லை. மாணவர் தம் ஊரைப் பற்றி என்ன நினைத்தார் என்பது பழையதாகிப் போனது. அவர் குறித்துவைத்த கூலி பழையதாகவில்லை, நாளாக நாளாக அதன் மதிப்பு கூடியது. இன்னொருவர் அதே இடத்துக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டு ஒப்பிட முடிகிறதா என்பதே அறிக்கையைச் சோதிக்கும் உரைகல். அறிவியல் இதழ்களில் முன்னுரை, முறை, கண்டவை, விவாதம் என்னும் நான்கு பகுதி அமைப்பு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வழக்கமாகியதற்கும் அடிப்படை இதுதான். முறையைத் தனியே எழுதுவது சடங்கிற்காக அல்ல. கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்தீர்களா, சொந்தக்காரரைக் கேட்டு எழுதினீர்களா, மோட்டார் ஓடிய எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு அளந்தீர்கள் என்று அங்கே சொல்லாவிட்டால், அடுத்த பகுதியில் வரும் எண்ணை நம்புவதற்கும் மறுப்பதற்கும் படிப்பவரிடம் வழியில்லை.

இடத்தை வரையறுப்பதும் இந்த முறையைச் சேர்ந்ததே. கந்தர்வக்கோட்டை விஷயத்தில் இது சிறிய காரியமல்ல. இந்த ஊரின் பழைய நிலவரத்தைத் தேடும் ஒருவர் இயல்பாகவே கே.ஆர். வெங்கடராம ஐயர் 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட புதுக்கோட்டைச் சமஸ்தான மேனுவலை எடுப்பார். நம் பகுதியில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிகச் சீரான தொகுப்புகளில் அது ஒன்று. ஆனால் கந்தர்வக்கோட்டை அந்தச் சமஸ்தானத்தில் இருக்கவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்து ஜமீன்களில் ஒன்றாக இருந்தது. சமஸ்தானம் 1948 மார்ச் 3ஆம் தேதி இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் போயிற்று. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்கள் இதனோடு சேர்ந்தன. ஆகவே 1974க்கு முந்தைய மாவட்டப் புள்ளிவிவரத்தையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாகுபடிப் பரப்பு கூடியது, குறைந்தது என்று எழுதினால், மாறியது எல்லையா நிலமா என்று தெரியாமல் போகும். இந்த ஒரு விவரத்தை அறிக்கையின் தொடக்கத்தில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறவர், தம் பொருளை அறிந்தவர் என்ற நம்பிக்கையை அங்கேயே பெற்றுவிடுகிறார்.

அடுத்தது வரிசை. ஆங்கில அறிக்கையை எப்படி அடுக்குவது என்று தேடுகிறவர்கள் மேல்நாட்டுக் கையேடுகளைப் புரட்டுகிறார்கள். புரட்டட்டும், நல்லதுதான். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1940 ஆகஸ்டில், சர்ச்சில் தம் அமைச்சகங்களுக்கு அனுப்பிய குறிப்பில் அறிக்கைகள் நீண்டுவிட்டன, முக்கியமானவற்றைச் சிறு பத்திகளில் சொல்லுங்கள், விரிவான புள்ளிவிவரத்தைப் பின்னிணைப்பில் வையுங்கள் என்று கேட்டார். 1948இல் எர்னஸ்ட் கவர்ஸ் அரசு ஊழியர்களுக்காக எளிய சொற்கள் பற்றி எழுதிய சிறுநூலின் விரிவாக்கப்பட்ட வடிவம் இன்றும் அச்சில் இருக்கிறது. இவர்கள் சொன்னது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றத்தையும் பத்து அழகையும் பட்டியலிட்டார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் என்று போகும் அந்தக் குற்றங்களை மேலே சொன்ன தைலமர அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் தொடங்குவது மற்றொன்று விரித்தல். இரண்டு கூற்றைக் கலப்பது மயங்க வைத்தல். முன்னுரையிலும் முடிவுரையிலும் ஒன்றையே எழுதுவது கூறியது கூறல். வலுவாகத் தொடங்கிக் கடைசியில் அரசு ஆவன செய்ய வேண்டும் என்று ஓய்ந்துபோவதற்குச் சென்று தேய்ந்து இறுதல் என்றே ஒரு பெயர் இருக்கிறது. அழகுகளில் முறையின் வைப்பு என்பது ஒன்று. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் இந்தப் பட்டியலைத் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து ஒரு மாணவரின் அறிக்கைமேல் வைத்துத் திருத்தினால், அதைவிடக் கூர்மையான பயிற்சி வேறு தேவைப்படாது.

சுருக்கம் என்பதைப் பக்கக் குறைவு என்று கொள்ளக் கூடாது. சென்னை மாகாணத்தில் விவசாயக் கடனுக்கு வங்கிகள் அமைக்க முடியுமா என்று ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். ஐரோப்பிய நாடுகளின் கடன் சங்கங்களையெல்லாம் அலசிய அந்தப் பெரிய வேலையின் சாரத்தை அவரே இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார்: "ராய்ஃபைசனைக் கண்டுபிடி." ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களைத் தொடங்கிய ராய்ஃபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் அருகே திரூரில் சங்கம் தொடங்கியது. பக்கம் எத்தனையானாலும் எழுதியவருக்குத் தம் முடிவு ஒரு மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதை முதல் பக்கத்திலேயே வைக்கத் தயக்கம் வராது. நம் பழக்கம் முடிவைக் கடைசிவரை தேக்கிவைப்பது. கதைக்கு அது பொருந்தும். நாற்பது கோப்புகளுக்கு நடுவே ஒன்றைப் படிக்கும் அலுவலருக்குப் பொருந்தாது.

வாக்கிய அளவில் ஆங்கிலம் கேட்கும் சில மாற்றங்கள் உண்மையிலேயே உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். அதற்கு முன்னால் போய், பார்த்து, கேட்டு, எழுதி என்று எச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோக்கலாம். எழுவாயை விட்டுவிட்டாலும் வினையின் விகுதி காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் விகுதி காட்டிக் கொடுக்காது. யார், என்ன செய்தார் என்பதை வாக்கியத்தின் தலையிலேயே சொல்லியாக வேண்டும். தமிழின் எச்சக் கோவையை அப்படியே ஆங்கிலத்தில் ஏற்றும்போதுதான் எழுவாய் காணாமல் போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கண்டறியப்பட்டது, தெரிவிக்கப்பட்டது என்னும் செயப்பாட்டு வினைகள் வந்து உட்கார்கின்றன. வரத்துவாரி அடைபட்டிருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது என்று எழுதினால், தெரிவித்தவர் கண்மாய்ப் பாசன விவசாயியா, கிராம நிர்வாக அலுவலரா, மாணவியே கண்ணால் பார்த்தாரா என்பது மறைகிறது. கண்டதும் கேட்டதும் ஊகித்ததும் கலந்துவிடுவது இந்த இடத்தில்தான். மருந்து எளிது. எழுதும் முன் தமிழிலேயே ஒவ்வொரு எச்சத்தையும் தனி வாக்கியமாக்கி, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் கொடுத்துவிட வேண்டும். அப்படி உடைத்த தமிழ் சற்றுத் தட்டையாகத்தான் இருக்கும். ஆனால் அதை ஆங்கிலமாக்க உயர்ந்த புலமை தேவைப்படாது. மனு எழுதும் மரபிலிருந்து வந்த பணிவுச் சொற்களும் மேற்படி பொருள் தொடர்பாக என்னும் அடுக்குகளும் அறிக்கைக்குள் நுழைய வேண்டியதில்லை. மனு இரக்கத்தைக் கேட்கிறது; அறிக்கை சான்றை நீட்டுகிறது.

படிப்பவர் யார் என்ற கேள்விக்குக் கந்தர்வக்கோட்டைப் பகுதி அனுபவித்த பெரிய பாடம் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல். தென்னையும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மத்திய நிதிக்கான கோரிக்கை டெல்லிக்கு ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். அங்கே அதைப் பார்ப்பவர் பேரிடர் நிவாரண விதிமுறையைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிப்பார். அன்றைய விதிப்படி 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய், அதிகபட்சம் இரண்டு ஹெக்டேருக்கு. இது இடுபொருள் மானியம்; ஒரு போகம் போனால் அடுத்த போகத்துக்குக் கை கொடுப்பதற்கானது. சாய்ந்த தென்னை இழக்கச் செய்வது ஒரு போகத்தை மட்டுமல்ல. புதிய கன்று காய்க்கும்வரை வரும் ஆண்டுகள் அத்தனையையும். ஆகவே அறிக்கை ஹெக்டேரில் எண்ணுகிறதா, மரத்தில் எண்ணுகிறதா என்பதிலேயே இழப்பின் உருவம் மாறிவிடுகிறது. மாநில அரசு தென்னை மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தபோது கணக்கின் அலகு மரமாயிற்று. அந்தத் தொகை போதாது என்று விவசாயிகள் போராடினார்கள். ஆனால் எதை எண்ண வேண்டும் என்பதிலாவது அது நிலைமைக்கு நெருங்கியிருந்தது. எந்த அலகில் எண்ணுவது என்பதை அறிக்கை எழுதுகிறவர்தான் முடிவு செய்கிறார். அதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை, தென்னந்தோப்பைத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மாநில அரசு கஜாவுக்குக் கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய். மத்திய அரசு அந்த ஆண்டின் கடைசி நாளில் ஒப்புக்கொண்டது 1,146 கோடி. அறிக்கை எவ்வளவு தெளிவாக இருந்தால் என்ன, அதிகாரம்தானே முடிவு செய்கிறது என்று கேட்கலாம். கேட்பது நியாயம். அந்த இடைவெளிக்கு எழுத்து நடையைக் காரணம் சொல்ல முடியாது. ஆயினும் அதிகாரம் மறுக்கும்போது எதை மறுத்தது என்று பின்னால் காட்டுவதற்கு நமக்கு எஞ்சுவது அறிக்கை மட்டுமே. எந்த ஊரில், எந்தப் புல எண்ணில், எத்தனை வயதுள்ள எத்தனை மரம் என்று எழுதிவைத்தது நீதிமன்றத்துக்கும் போகும், அடுத்த நிதிக் குழுவுக்கும் போகும், அடுத்த புயலுக்கும் உதவும். சொல்லாமல் விட்ட இழப்பை யாரும் மறுக்கக்கூடத் தேவையில்லை.

ஆங்கிலப் பயிற்சி பெற்றவர்கள்தானே நன்றாக எழுதுகிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. அதில் உண்மை உண்டு. கால வினைகளும் சுட்டிடைச் சொற்களும் தடுமாறினால் படிப்பவர் தடுக்கி விழுவார். வசதியான பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு. ஆனால் இலக்கணத்தை இன்னொருவர் அரை நாளில் திருத்திவிடலாம். அளக்காத கிணற்றை யாராலும் திருத்தித் தர முடியாது. இப்போது கைப்பேசியிலிருக்கும் செயலிகளே தமிழிலிருந்து சரளமான ஆங்கிலம் தருகின்றனவே, பிறகு இந்தப் பயிற்சி எதற்கு என்றும் கேட்கிறார்கள். கருவி தெளிவான தமிழைத் தெளிவான ஆங்கிலமாக்கும். குழம்பிய தமிழைச் சரளமான குழப்பமாக்கும், அது முன்னதைவிட ஆபத்தானது. எழுவாய் இல்லாத வாக்கியத்துக்குக் கருவி தானாக ஓர் எழுவாயைப் போட்டுவிடும். தெரிவித்தவர் யார் என்பது அதற்குத் தெரியாது. அந்த வாக்கியம் அழகாக இருப்பதால் யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் தமிழிலேயே எழுதினால் என்ன என்பது கடைசி மறுப்பு. என் வாதம் இதற்கு எதிரானதல்ல. ஊராட்சிக்கும் மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கும் போவது தமிழ் அறிக்கையாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஊர்க்காரர் படித்து, இது தவறு, என் கிணறு அங்கே இல்லை என்று சொல்லும் வாய்ப்பு தமிழில்தான் கிடைக்கும். அந்தத் திருத்தத்தைக் கடந்த அறிக்கை ஆங்கிலத்தில் டெல்லிக்குப் போகட்டும். பேசப்படும் மக்களுக்கே புரியாத மொழியில் நேராக எழுதப்படும் அறிக்கையில், சரிபார்க்கக் கூடியவர்கள் அத்தனை பேரும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள். ஆங்கில அறிக்கை எழுதும் பயிற்சியில் தமிழ்ப் படி ஒன்று கட்டாயமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு மொழிப்பற்றைவிட இதுவே பெரிய காரணம்.

ஸ்லேட்டரின் மாணவர்கள் ஆய்ந்த ஊர்களில் கந்தர்வக்கோட்டை இல்லை. இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தக் கோடையில் ஒரு வரத்துவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலிருந்து கண்மாய்வரை நடந்து பாருங்கள், கண்டதைத் தமிழில் எழுதுங்கள், அந்தப் பாசனக்காரர்களிடம் படித்துக் காட்டித் திருத்துங்கள், பிறகு ஆங்கிலமாக்குங்கள். முதல் பக்கத்தில் ஊரின் பெயரையும் நடந்த தேதியையும் எழுத மறக்க வேண்டாம்.